பார்க்காமல் ஒட்டிய ஸ்டிக்கர்

மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஹெம்லாக் ரன் ஊரில் யாருக்கும் வேறு நினைப்பே இருக்காது. துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவார்கள். போன வருஷத்து ஆரஞ்சுச் சட்டையை எடுத்து உதறுவார்கள். மலைமேல் இருக்கும் வேட்டைக் குடிசையின் புகைபோக்கியைச் சுத்தம் செய்வார்கள். வண்டியின் நினைப்பு கடைசியில்தான் வரும். முன்கண்ணாடியில் இருக்கும் சோதனை ஸ்டிக்கரின் தவணை முடிந்துவிட்டது என்பது அப்போதுதான் கண்ணில் படும். உடனே எல்லோரும் மெர்ல் ஹாக்கன்பெர்க்கின் பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள்.

பென்சில்வேனியாவில் வருஷம் தவறாமல் ஒவ்வொரு வண்டிக்கும் அந்த ஸ்டிக்கர் வேண்டும். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டையின் கனத்தை அளந்து, புத்தகத்தில் எழுதி, ஓட்டிப் பார்த்து, அதன்பின் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். வெளியூர் வண்டி வந்தால் மெர்ல் ஒன்றுவிடாமல் அப்படித்தான் செய்வான். உள்ளூர்க்காரர்களுக்கு வேறு முறை. அந்த முறைக்கு ஊரில் பேரே உண்டு, 'எச்சில் தொட்டு ஒட்டுறது'.

"டயரெல்லாம் பாக்கணுமா மெர்ல்?" என்று கேட்பார்கள்.

"நாலு இருக்கில்ல?"

"ஸ்பேரோட அஞ்சு."

"அப்புறம் என்ன? உள்ள வா, காப்பி குடி."

காப்பி ஆறுவதற்குள் ஸ்டிக்கர் கண்ணாடியில் ஏறிவிடும். சோதனைக்கு உரிய கட்டணத்துக்கு மேல் மெர்ல் ஒரு சென்ட் வாங்கியதில்லை. கை சுத்தமானவன் என்று தன்னைப் பற்றி அவனுக்கே ஒரு மதிப்பு இருந்தது. ஆனால் மறுநாள் பட்டறை மேஜைமேல் ஒரு வளையம் போலோனா இறைச்சி இருக்கும். இல்லாவிட்டால் பீட்ரூட்டில் ஊறிய முட்டை ஒரு ஜாடி, ஆப்பிள் பட்டர் ஒரு டப்பா. அவன் வீட்டு ஃப்ரீசரில் அவன் சுட்ட மானைவிட ஊரார் சுட்ட மான்தான் அதிகம். அதை அவன் லஞ்சம் என்று நினைக்கவில்லை, கொடுத்தவர்களும் நினைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது என்றே நினைத்தார்கள். ஐம்பத்து நாலு வயதுவரை அவனுக்கு யாரிடமும் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தக் குணத்தை ஊர் நல்ல குணம் என்று கொண்டாடியது.

அந்த வருஷம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் மனைவி வெர்னாவின் தம்பி லாமர் வந்தான். அவன் வருவதற்கு முன்னால் அவன் வண்டியின் சத்தம் வந்தது. பட்டறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் வாசலுக்கு ஓடினார்கள்.

அந்த வண்டியின் கதை ஊருக்கே தெரியும். லாமரின் அப்பா வைத்திருந்த நாற்பது வருஷத்துப் பழைய, நாலு சக்கரமும் இழுக்கும் டிரக். பெட்ரோல் இன்ஜின் வெடித்து ஷெட்டில் கிடந்தது. ரொட்டி கொண்டுபோகும் வேன் ஒன்று பழைய இரும்புக் கடைக்கு வந்தபோது லாமர் அதன் டீசல் இன்ஜினை வாங்கி வந்து, 'இத இதுக்குள்ள போடுறேன்' என்றான். ஊர் சிரித்தது. இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை செய்தான். இன்ஜின் தாங்கியை அவனே வெட்டிப் பற்ற வைத்தான். அந்த டீசலின் கனத்துக்கு முன் ஸ்பிரிங் அமுங்கிப்போக, வேறு ஸ்பிரிங் தேடிப் போட்டான். கோடையில் மெர்ல்தான் கனம் தூக்கும் தன் செயின் பிளாக்கைக் கொண்டுபோய் இன்ஜினை உள்ளே இறக்கிக் கொடுத்தான். முதல் தடவை அது உயிர் பெற்றபோது லாமர் மெர்லைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"மச்சான்! எப்படி இருக்கு சத்தம்?" என்று இறங்கும்போதே கத்தினான் லாமர்.

"ரொட்டி வாசனை வருது மாப்ள," என்றான் மெர்ல். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மெர்லுக்கு ஒன்று நினைவு வந்தது. தொழில் தெரிந்தவன் அல்லவா, வராமல் இருக்காது. பெட்ரோல் இன்ஜின் காற்றை உள்ளே இழுக்கும்போது அந்த இழுப்பே பிரேக்குக்கும் பலம் கொடுக்கும். டீசலுக்கு அந்த இழுப்புக் கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு பம்பு வைக்காவிட்டால் பிரேக்கை மனுஷன் காலால் மட்டுமே அழுத்தி அத்தனை கனத்தையும் நிறுத்த வேண்டும்.

"பிரேக்குக்கு என்ன பண்ணுன மாப்ள? இன்ஜினோட வந்த பம்பப் போட்டுட்டியா?"

"அது ஒடஞ்சு போச்சு மச்சான். கரண்டுல ஓடுற சின்னப் பம்பு ஒண்ணு ஒரு காருலேர்ந்து கழட்டி வச்சிருக்கேன். சும்மா ஜம்முனு நிக்குது. வேணும்னா மிதிச்சுப் பாரு."

"ஏத்து லிஃப்ட்ல. அடியில ஒரு பார்வ பாத்துருவோம்."

லாமரின் முகம் சட்டென்று வாடியது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ன மச்சான், சொந்த மச்சினன் வண்டிய ஏத்தி எறக்கணுமா? செயின் பிளாக்க நீதான் பிடிச்ச. உன் கண்ணு முன்னாலதான் எல்லாம் நடந்துச்சு. நாளைக்கு விடிஞ்சா குடிசைக்குச் சாமான் ஏத்தணும். அக்காகிட்டச் சொல்லவா, மச்சான் என்னைய நம்பலன்னு?"

"விடுப்பா மெர்ல், ரெண்டு வருஷமா பெத்த பிள்ள மாதிரிப் பாத்திருக்கான்," என்றார் காப்பிக் கோப்பையோடு நின்ற ஒருவர்.

மெர்ல் சிரித்துவிட்டான். ஸ்டிக்கரை எடுத்தான். பின்பக்கத்தில் தேதியையும் வண்டி ஓடிய மைல் கணக்கையும் தன் கையாலேயே எழுதி, உள்ளே ஏறி ஒட்டினான். லாமர் போனபின் மேஜையில் உட்கார்ந்து புத்தகத்தை நிரப்பினான். முன் இடது பிரேக் கட்டையின் கனம் இத்தனை, வலது இத்தனை, பின்னால் இத்தனை. கழற்றிப் பார்க்காத சக்கரங்களுக்கு நாலு எண்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றைக் கொஞ்சம் குறைத்து எழுதினான். பிரேக் பலம் சரி, ஓட்டிப் பார்த்தது சரி என்று கோடு போட்டான்.

லிஃப்ட்டில் ஏற்றியிருந்தால் ஒரு நிமிஷத்தில் கண்ணில் பட்டிருக்கும். அந்தச் சின்னப் பம்பு புகைக்குழாயை ஒட்டி, பிளாஸ்டிக் கட்டு ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயர்கள் முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தன.

ஜனவரியில் பனி கொட்டியது. ஒரு வியாழக்கிழமை காலை லாமரின் மனைவி ட்வைலாவின் கார் கிளம்பவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. லாமர் கூட்டாளியின் வண்டியில் மரமில்லுக்குப் போய்விட்டான். டிரக்கின் சாவி ஆணியில் தொங்கியது. அதை அவள் சமதரையில் இரண்டு தடவை ஓட்டியிருக்கிறாள். எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பார்சன் மலை இறக்கம் இரண்டரை மைல். கீழே ஓடை வளைவில் மூன்று வீட்டுத் தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும். அன்று காலை, அந்த வீடுகளில் ஒன்றில் இருக்கும் ஆர்லீன் பிங்கமன் கிறிஸ்துமஸ் பரிசுகளுக்கு நன்றிக் கடிதங்கள் எழுதி எடுத்துக்கொண்டு, பெட்டியில் போட்டு, தபால்காரர் பார்த்து எடுத்துப்போகச் சிவப்புக் கொடியைத் தூக்கி வைக்கப் போயிருந்தாள்.

மெர்ல் ஊர்த் தீயணைப்புக் குழுவிலும் இருந்தான். இடுப்பில் பேஜர் கத்தியபோது கையில் ஸ்பானரோடு இருந்தான். அப்படியே ஓடினான். வளைவில் போய் இறங்கியபோது லாமரின் டிரக் ஓடைக்கரையில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றது. தபால் பெட்டிகள் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. ஆர்லீனை இரண்டு பேர் ஏற்கெனவே போர்வையால் மூடியிருந்தார்கள். முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்கள்.

ட்வைலா பனியில் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் ரத்தம். மெர்லைப் பார்த்ததும் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, பிரேக்கு எறங்கல அண்ணே. மொத ரெண்டு தடவ எறங்குச்சு. அப்புறம் கல்ல மிதிச்ச மாதிரி. நின்னுக்கிட்டு மிதிச்சேன். கியரக் கொறச்சேன். கை பிரேக்க இழுத்தேன். ஹார்ன் அடிச்சேன் அண்ணே. அவ திரும்பிப் பாத்தா. கையக்கூடத் தூக்குனா. தெரிஞ்ச வண்டின்னு."

மெர்லுக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. பம்பு நின்றுவிட்டால் மிச்சமிருக்கும் இழுப்பில் இரண்டு தடவை பிரேக் பிடிக்கும், மூன்றாவது தடவை கல்தான். எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த விஷயம். அதைச் சொல்லாமல் அவள் நெற்றியில் கைக்குட்டையை அழுத்தினான்.

"பெரிய வண்டி, பொம்பள. பதட்டத்துல கிளட்ச மிதிச்சிருப்பா," என்றான் குழுவில் ஒருவன், தாழ்ந்த குரலில். யாரும் மறுக்கவில்லை. பேட்டரியைக் கழற்றும் முன் சாவியைத் திருப்பி அணைப்பதற்காக மெர்ல் டிரக்கினுள் ஏறினான். விரிசல் விட்ட கண்ணாடியில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் பின்பக்கம் தெரியும். தேதியும் மைல் கணக்கும் அவன் கையெழுத்தில் இருந்தன.

அடக்கத்துக்கு ஆர்லீனின் கணவன் ஓரின் சவப்பெட்டி தூக்க ஆறு பேரைக் கேட்டான். மெர்லும் ஒருவன். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் அதற்கும் சரி என்றான். உறைந்த மண்ணில் வழுக்காமல் அடி வைத்துப் பெட்டியைச் சுமந்தான். சர்ச் கூடத்தில் சாவு வீட்டுப் பலகாரமாக, உலர்ந்த திராட்சை வைத்துச் சுட்ட 'பை' வைத்தார்கள். தட்டில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றான். ட்வைலா வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வரச் சொல்லியும் யாரும் ஆள் அனுப்பவில்லை.

ஒரு வாரம் கழித்து மாநில போலீஸ்காரர் நோவாக் பட்டறைக்கு வந்தார். சோதனைப் புத்தகத்தைக் கேட்டார். லாமரின் வண்டிப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"வண்டியோட முன்பக்கம் மொத்தமா நசுங்கிருச்சு. பம்பு தூள்தூளா கெடக்கு. அது முன்னாடியே போச்சா, இடிச்சதுல போச்சான்னு எங்க ஆளாலயும் சொல்ல முடியல. அதான் உங்க கணக்கப் பாக்க வந்தேன். எல்லாம் சரியா இருந்திருக்கு போல."

மெர்ல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பிரேக்குல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்துச்சா?"

"எழுதுனது எழுதுனபடிதான் சார்."

"உங்கள மாதிரி எல்லாரும் எழுதி வச்சா எங்க வேல சுலபமாயிரும்," என்றார் நோவாக். பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். "அப்ப ஓட்டுனவங்க தப்புத்தான். பாவம். உயிர் போயிருக்கு, கேஸ் போடாம விட முடியாது. ஜெயிலாக்கூட ஆகலாம்."

அன்று சாயங்காலம் லாமர் வந்தான். முகம் மழிக்காமல், கண் உள்ளே போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பேசினான்.

"போலீஸ் வந்தானாமே. என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நல்லது மச்சான். அப்படியே இரு."

மெர்ல் அவனையே பார்த்தான். "அந்தப் பம்பு முன்னாடியும் நின்னுச்சா மாப்ள?"

லாமர் தரையைப் பார்த்தான். "ரெண்டு மூணு தடவ. எறங்கி ஸ்பானரால ஒரு தட்டுத் தட்டுனா ஓடும். எனக்குக் கால் பலம் இருக்கு, நின்னாலும் மிதிச்சு நிறுத்திருவேன். வெயில் வந்ததும் நல்ல பம்பா மாத்தலாம்னுதான்..."

"அவகிட்டச் சொன்னியா?"

"அவ ஓட்டுவான்னு யாரு கண்டா!" லாமரின் குரல் உடைந்தது. "நான் வேணும்னா பண்ணுனேன்? இப்ப நீ வாயத் தொறந்தா நான் உள்ள போவேன். உன் லைசென்ஸ் போகும், பட்டறை போகும். ட்வைலா இதுவரைக்கும் ஒரு அபராதம்கூடக் கட்டுனதில்ல. ஜட்ஜு பாத்து விட்டுருவாரு. கொஞ்ச நாள் வண்டி ஓட்ட முடியாது, அவ்ளோதான். ரெண்டு பேரு கெடுறதுக்கு ஒருத்தி கொஞ்சம் சொமந்தா என்ன மச்சான்?"

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்த மனுஷன் முதலில் யாரைத் தள்ளிவிடுவான் என்றால், தன்னை நம்பிக் கூட நிற்பவரைத்தான். மெர்லுக்கும் அது புரிந்தது. புரிந்தும் அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்துத்தான் பின்னால் அவன் மிகவும் வெட்கப்பட்டான். ஸ்டிக்கரை ஒட்டியது சோம்பல். இது தெரிந்து செய்தது.

வெர்னாவுக்கு எதுவும் தெரியாது. கணவன் சாப்பிடாமல் இருப்பதை ஆர்லீன் போன துக்கம் என்று நினைத்தாள். ஒரு சனிக்கிழமை காலை கோழியும் சோளமும் போட்ட சூப்பை ஒரு பாத்திரத்தில் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"ட்வைலாகிட்டக் குடுத்துட்டு வாங்க. ஊர்ல ஒருத்தரும் அந்த வாசல மிதிக்கலையாம். வேலையிலயும் வர வேண்டாம்னுட்டாங்களாம். தம்பிய நெனச்சாக் கோவமா வருது, அவளத் தனியா விட்டுட்டு ஞாயித்துக்கெழமகூட மில்லுக்குப் போறான்."

மெர்ல் போனபோது பின்கதவு திறந்திருந்தது. தட்டினான், பதில் இல்லை. உள்ளே போனான்.

ட்வைலா சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குளியலறையில் வைக்கும் எடை பார்க்கும் மெஷினைக் கீழ் அலமாரிக் கதவில் நிமிர்த்தி வைத்திருந்தாள். வலது காலால் அதை அழுத்திக்கொண்டிருந்தாள். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, குனிந்து எண்ணைப் படித்தாள்.

"நூத்திப் பதினெட்டு," என்றாள். பிறகுதான் அவனைப் பார்த்தாள். "வாங்கண்ணே. மொத நாளு தொண்ணூறுதான் வந்துச்சு. இப்பப் பாருங்க."

"என்ன தங்கச்சி பண்ற?"

"அன்னைக்கி நான் எவ்ளோ மிதிச்சேன்னு தெரியல அண்ணே. முழு பலத்தோட மிதிச்சேன்னுதான் நெனச்சேன். ஆனா தெனமும் கொஞ்சம் கூட வருதே. அப்ப அன்னைக்கி நான் முழுசா மிதிக்கலன்னுதானே அர்த்தம்? நூத்தி இருபது மிதிச்சிருந்தா நின்னுருக்குமா? நீங்க மெக்கானிக்கு, நீங்க சொல்லுங்க. எத்தன பவுண்டு மிதிச்சிருந்தா ஆர்லீன் இருந்திருப்பா?"

அவள் பாதத்தில் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. மெர்ல் சூப்புப் பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்தான். மூடி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவன் எடுக்கவில்லை.

"நீ எவ்ளோ மிதிச்சிருந்தாலும் நின்னுருக்காது," என்றான். "பம்பு நின்னுபோச்சு ட்வைலா. அது முன்னாடியே நின்னுநின்னு ஓடிக்கிட்டிருந்திருக்கு. லாமருக்குத் தெரியும். நான் அடியில பாத்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. பாத்ததா எழுதுனேன். போலீஸ் வந்து கேட்டப்பவும் சொல்லல."

அவள் காலை மெல்ல எடுத்தாள். மெஷினின் முள் சுற்றிச் சைபருக்கு வந்தது. திட்டுவாள், கத்துவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று மெர்ல் எதிர்பார்த்தான். அது நடந்திருந்தால் அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"பதினாறு நாளு," என்றாள் கடைசியில். "பக்கத்துல படுத்துக்கிட்டு, 'அழாத, தெரியாம நடந்ததுதானே'ன்னு என் முதுகத் தடவிக் குடுத்தான். அவனுக்குத் தெரியும். நீங்க பொட்டியத் தூக்குனீங்க. உங்களுக்கும் தெரியும். நான் ஒருத்திதான் தெரியாம இந்தக் கால வெட்டிப் போடலாமான்னு உக்காந்திருந்தேன்."

"ட்வைலா..."

"மன்னிப்புக் கேக்காதீங்கண்ணே. இப்ப அதக் கேக்குற தெம்பு எனக்கில்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத போலீஸ்லயும் சொல்லுவீங்களா, இல்ல இந்த அடுப்படியோட முடிஞ்சிருமா?"

சுவரில் போன் இருந்தது. மெர்ல் எடுத்தான். எண்ணை அழுத்தும்போது இரண்டு தடவை தப்பிப்போனது. நோவாக்கின் குரல் கேட்டதும், "சார், அந்தப் புத்தகத்துல நான் எழுதுனது அத்தனையும் பொய்," என்று தொடங்கினான். ட்வைலா அவன் எதிரில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

அதன்பின் நடந்ததை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ட்வைலாவின்மேல் வழக்கு வரவில்லை. லாமர்மேல் வந்தது. மெர்லின் சோதனை உரிமத்தைப் பறித்தார்கள், பொய்க் கணக்கு எழுதியதற்கு அவனும் கோர்ட்டில் நிற்க வேண்டியிருந்தது. லாமர் மலைமேல் வேட்டைக் குடிசையில் தனியாகப் போய்த் தங்கிக்கொண்டான். அக்காள் கொண்டுபோன சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, முகம் கொடுக்காமல் கதவைச் சாத்தினான். வெர்னா மெர்லோடு பேசினாள், தேவைக்கு மட்டும். சர்ச்சில் அவனுக்கும் தனக்கும் நடுவில் தன் குளிர்கோட்டை மடித்து வைத்தாள்.

ஊருக்கும் மெர்ல்மேல் கோபம்தான். ஆனால் பார்க்காமல் ஒட்டியதற்காக இல்லை, அதை வெளியே சொன்னதற்காக. 'நடந்தது நடந்துபோச்சு, சொந்த மச்சினனக் காட்டிக் குடுத்துட்டானே' என்றார்கள். 'இனிமே ஸ்டிக்கருக்கு இருபது மைல் போவணும், அங்க சக்கரத்தக் கழட்டிப் பாக்குறானாம்' என்று அலுத்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வருஷமாக அவன் மேஜைக்கு வந்துகொண்டிருந்த போலோனா நின்றது.

மார்ச்சில் பனி உருகிச் சேறானபோது மெர்ல் ஓரின் பிங்கமனின் வீட்டுக்குப் போனான். முன்பே போயிருக்க வேண்டும். தினமும் கிளம்பி, பாதி வழியில் திரும்பினான். ஓரின் கொட்டிலின் முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். மெர்லைப் பார்த்தும் கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"கேள்விப்பட்டேன்," என்றான் ஓரின். "அன்னைக்கே உன்ன அடிக்கலாம்னு கெளம்புனேன். சாவிய எடுத்துக்கிட்டு வண்டில ஏறி உக்காந்துட்டேன்."

"வந்திருக்கலாம்," என்றான் மெர்ல்.

"வந்திருப்பேன். ஏறி உக்காந்தா எதுத்தாப்புல என்ன இருக்கு? உன் கையெழுத்து." கோடரியால் தன் பிக்கப் வண்டியைக் காட்டினான். "அக்டோபர்ல ஒட்டுன. அடியில பாத்தியா?"

"இல்ல."

"நான் பாக்கச் சொன்னேனா?"

மெர்ல் குனிந்து பிக்கப்பின் சக்கரத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்டா, பிரேக் குழாய் துருப்பிடிச்சுக் கசியுதுன்னு. தெரிஞ்சுதான் உங்கிட்ட வந்தேன். வேற எவன்கிட்டப் போனாலும் மாத்தச் சொல்லுவான். ஆர்லீன்தான் போலோனாவச் சுத்திக் குடுத்தா, 'மெர்லுக்குக் குடுத்துருங்க, பாவம், நமக்காகப் பண்றாரு'ன்னு. அந்த வண்டில அவளத்தான் கடைக்கு அனுப்புனேன், ரெண்டு மூணு மாசம். என் வண்டியிலயே அவ செத்திருப்பா. லாமர் முந்திக்கிட்டான், அவ்ளோதான்."

அவன் ஒரு கட்டையை நிறுத்தி ஓங்கி வெட்டினான். அது பிளக்காமல் கோடரியைப் பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்துவிட்டு விட்டான்.

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அது வருமான்னு எனக்குத் தெரியல. வண்டிய நாளைக்கு இருபது மைல் கொண்டுபோறேன், கழட்டிப் பாக்கட்டும். நீயும் யாராவது வந்து உங்கிட்டப் புலம்புனா இதச் சொல்லு. நம்மாளு வண்டிதானேன்னு பாக்காம ஒட்டுறோம். மெர்ல், ரோட்டோரத்துல நிக்கிறவளும் நம்மாளுதான்டா."